தப்பட்டை அடிக்காத வேட்டை

பன்றி விஷயமாக ஒருவன் கடல் தாண்டிப் போனான் என்றால் யாரும் சிரிப்பார்கள். எங்கள் தோட்டத்திலும் சிரித்தார்கள். நான் சிலோனில் புத்தளம் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் காவல்காரன். தென்னங்கன்றுகளைத் தோண்டித் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை விரட்டுவதுதான் இருபது வருஷமாக என் வேலை. என் தங்கை கன்னியம்மாளை ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகை ஏரிக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊரில் கொடுத்திருந்தோம். அது எங்கள் அப்பா பிறந்த ஊர்.

அவள் யாரையோ பிடித்து எழுதி அனுப்பிய கடிதத்தில் நாலே வரி இருந்தது. ராணுவம் எடுத்துக்கொண்டது போக ஒன்றரை ஏக்கர்தான் மீதி. அதில் வேர்க்கடலை போட்டிருக்கிறோம், பன்றி விடமாட்டேன் என்கிறது. இதுவும் போனால் இவர் அசாமுக்கு ரோடு போடும் கூலிப்படையில் சேர்ந்துவிடுவேன் என்கிறார். உனக்குப் பன்றியைத் தெரியும், வா.

நாலாம் வகுப்பு வரை படித்திருப்பதால் கடிதத்தை நானே படித்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை. துரையிடம் லீவு கேட்க மூன்று நாள் அவர் பங்களா வாசல் வரை போய்ப்போய்த் திரும்பினேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.

கப்பலையும் ரயிலையும் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. ஆவடியில் இறங்க வேண்டியவன் அம்பத்தூரிலேயே இறங்கிவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கங்காணி தெலுங்கர், அதனால் எனக்குக் கொஞ்சம் புரியும். "இந்த ஆள் இறங்குவானா, மாட்டானா? இறங்கினால் என் மூட்டையை அங்கே வைக்கலாம்" என்றாள் ஒருத்தி. "ஆளைப் பார்த்தால் கடைசி ஸ்டேஷன் வரை நகரமாட்டான் போலிருக்கிறது" என்றாள் மற்றவள். வண்டி நின்றதும் இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் பலகையைப் படித்தேன்.

அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன். எங்கள் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் தென்னை நிழல் விட்டுப்போகாது. இங்கே பங்குனி வெயிலில் பனைமரத்தின் நிழல் ஒரு கோடு மாதிரி விழுந்து கிடந்தது. ராணுவ லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். சர்க்கரை இல்லை, வெல்லம்தான் என்றார் கடைக்காரர். நான் கேட்ட விதத்திலிருந்தே அவருக்கு ஊர் தெரிந்துவிட்டது.

"சிலோனா நைனா? அங்க ஜப்பான்காரன் குண்டு போட்டானாமே, நெசமா?"

"ம்" என்றேன்.

"பெரிய குண்டா, சின்ன குண்டா?"

எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் தோட்டத்தில் இருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தங்கை புருஷன் முனுசாமி வாசலுக்கு ஓடிவந்து என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "ஏய் கன்னிம்மா, பன்னி டாக்டரு வந்தாச்சுடி! வா மச்சான், வா. இன்னா இப்பிடி எளச்சுப் பூட்ட?" கன்னியம்மாள் என்னைப் பார்த்து அழுதாள், பிறகு சிரித்தாள். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். ரேஷனில் அரிசி வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. எனக்காக ஒரு பிடி அரிசி எடுத்து வைத்திருந்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மறுநாள் காலையில் கடலை போட்டிருந்த கொல்லையைப் பார்த்தேன். வடக்கே ராணுவத்தின் முள்கம்பி வேலி, தெற்கே ஏரி, நடுவில் அந்த ஒன்றரை ஏக்கர். வரப்பில் நின்று பார்த்தபோது செடி ஒழுங்காகத்தான் தெரிந்தது. உள்ளே நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓரத்து வரிசைகளைத் தொடாமல் நடுவை மட்டும் தோண்டித் தின்றிருந்தன. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருஷத்தில் இப்படித் தின்கிற பன்றியை நான் கண்டதில்லை. எங்கள் பன்றி வேலியோரத்திலேயே தோண்ட ஆரம்பிக்கும், உறுமும், சண்டை போடும். மைல் தூரத்துக்குக் கேட்கும்.

"இதுங்க சத்தமே போடாது மச்சான்" என்றார் முனுசாமி. "முன்னாடி போட்டுகினு தான் இருந்துச்சி. சோல்ஜருங்க வந்து ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சுட்டானுங்களா, அப்பால வாய மூடிக்கிச்சுங்க."

அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். போருக்கு முன்னால் இந்தப் பன்றிகள் ஏரியின் கோரைப் புல்லிலும் ஈச்சம் புதர்களிலும் இருந்தன. சிப்பாய்கள் வந்து பொழுதுபோக்குக்குச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் வலை கட்டி ஈட்டியால் குத்தினார்கள். பாதிக்கு மேல் செத்தன. பிறகு வேலிக்கு உள்ளே வெடிமருந்துக் கொட்டகைகள் வந்தன. அங்கே யாரும் ஒரு தீக்குச்சி கிழிக்கக்கூடாது, துப்பாக்கி வெடிக்கக்கூடாது என்று உத்தரவு. மிச்சமிருந்த பன்றிகள் ஒரு கால்வாய்க் குழாய் வழியாக உள்ளே போய்க் குடியேறிவிட்டன. பகலெல்லாம் வெடிகுண்டுகளுக்கு நடுவில் படுத்துத் தூங்குகின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வடநாட்டுச் சிப்பாய் காவல் நின்றார். முனுசாமி கையாலும் வாயாலும் அவரிடம் ஏதோ முறையிட்டார். சிப்பாய் இந்துஸ்தானியில் பதில் சொன்னார். இன்னா சொல்றான் தெரியுமா என்று முனுசாமி, தனக்குப் புரிந்த அரைகுறை இந்துஸ்தானியை வைத்து, எனக்கு எடுத்துச் சொன்னார்: "மனிதன் உள்ளே வந்தால் சுட உத்தரவு இருக்கிறது. பன்றியைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை."

நான் கற்று வைத்திருந்த வித்தை ஒன்றும் அங்கே செல்லவில்லை. நாங்கள் இரவெல்லாம் தேங்காய் மட்டையைப் புகையவிடுவோம். இங்கே விமானத்துக்குப் பயந்து, இருட்டின பிறகு நெருப்போ விளக்கோ கூடாது. நாங்கள் பன்றி வரும் தடத்தில் துவக்கைக் கட்டி வைப்போம். இங்கே நாட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் சர்க்கார் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. நான் துவக்கு என்று சொன்னதும் முனுசாமிக்குப் புரியவில்லை. புரிந்தபின் அரைமணி நேரம் சிரித்தார்.

அவர் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக் காவல் காத்தார். அதனால் பன்றிகள் ராத்திரியில் வருவதை விட்டுவிட்டு, அவர் தூங்கும் உச்சிவேளையில் வந்தன. நான் வந்த பிறகு உச்சிவேளைக்கு நான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில், அவர் எழுந்துபோய் நான் வருவதற்குள் இருக்கும் கால்மணி நேரத்தில் வந்துவிட்டுப் போயின. கிழப் பெட்டை ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் தலைமை. அது குழாய் வாயில் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பதை ஒருநாள் கண்டேன். என்னைத்தான் பார்த்தது.

ஏரிக்குள் தண்ணீர் வற்றிய இடத்தில் மட்டும்தான் அப்போது பசும்புல் இருந்தது. கோவில்பதாகையிலிருந்து பெண்கள் தினம் காலையில் வந்து புல் அறுத்துக் கட்டி, ராணுவக் கோவேறு கழுதைகளுக்கு விற்கக் கொண்டுபோவார்கள். அவர்களில் ஆரோக்கியமேரி என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டால் விடமாட்டாள்.

"இன்னா சிலோன் அண்ணாத்தே, வாய்ல கொழுக்கட்டையா? ஒரு வார்த்த பேசினா முத்து உதுந்துடுமா?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் துண்டைச் சரிசெய்வேன்.

"பன்னிய வெரட்ட வந்தவரு பொம்பளயக் கண்டா ஓடறாரு பாருடி!"

ஒருநாள் தாகத்துக்குக் கைகாட்டித் தண்ணீர் கேட்டபோது அவளே தன் கலயத்திலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவசரமாக நடந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் சாயந்தரம் அந்தக் காரியத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் புளியமரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழு பன்றிகள் கடலைக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. எழுந்து கத்தப் போனேன். அதற்குள் ஊருக்குள் தப்பட்டைச் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று ஊர்த் தப்பட்டைக்காரர் சின்னப்பன் தெருத்தெருவாகச் சாற்றிக்கொண்டு போனார். மூன்று அடி விழவில்லை, ஏழும் தலையைத் தூக்கின. கிழப் பெட்டை திரும்பியது. ஒன்றன்பின் ஒன்றாக ஓசையில்லாமல் குழாய்க்குள் போய்விட்டன.

நான் கத்தியபோதுகூட அவை அப்படிப் போனதில்லை. பத்தடி ஓடி நின்று பார்க்கும்.

அந்த ஊரில் வேட்டைக்கு ஒரு முறை இருந்தது. முதல்நாள் சாயந்தரம் சின்னப்பன் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் தப்பட்டை அடித்துச் சாற்றுவார். விடிந்ததும் தப்பட்டையோடு போய் ஏரியைக் கலைப்பார்கள். அகப்பட்டதில் ஒரு பங்கு அவருக்கு. போன மூன்று வேட்டையிலும் ஒரு முயல்தான் அகப்பட்டது என்று முனுசாமி சொல்லியிருந்தார். எப்படி அகப்படும்? சாற்றுகிற சத்தத்திலேயே பன்றிகள் ஏரியை விட்டு வேலிக்குள் போய்விடுகின்றன.

அன்றிரவு மணியக்காரர் வீட்டு வாசலில் அடுத்த வேட்டையைப் பற்றிப் பேச இருபது பேர் கூடினார்கள். நானும் ஓரமாகப் போய் நின்றேன். கடலை பிடுங்க இன்னும் பத்து நாள் இருந்தது. கன்னியம்மாள் என்னைப் பார்த்த பார்வை நினைவில் இருந்தது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக, யாரும் கேட்காமல், கூட்டத்தில் பேசினேன்.

"தப்பட்டை வேண்டாம்" என்றேன். பார்த்ததைச் சொன்னேன்.

சின்னப்பன் சிரித்தார். "தப்பட்ட இல்லாம வேட்டயா? மேளம் இல்லாம கண்ணாலம் பண்ற மாதிரி கீது. அப்ப என் பங்கு?"

"உன் பங்கு உனுக்கு உண்டுய்யா" என்றார் மணியக்காரர். "அந்த ஆளு சொல்றதுல விசயம் கீது. ஊட்டுக்கு ஊடு வாயால சொல்லிக்கலாம். எதுக்குச் சத்தம்?"

முனுசாமி என் முதுகில் ஓங்கித் தட்டினார். "பேசாத ஆளு பேசினா பாத்தியா! எங்க மச்சான்யா!" திரும்பி நடந்தபோது தெருவெல்லாம் என்னைப் பற்றியே பேச்சு. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் போனோம். ராத்திரியே குழாய் வாயில் வலை கட்டியாகிவிட்டது. ராத்திரி தண்ணீருக்கு வெளியே வந்த பன்றிகள் வேலிக்குள் திரும்பாமல் ஏரியில் இருந்தன. என் கணக்கு சரிதான். நாங்கள் சத்தமில்லாமல் மேற்கிலிருந்து கோரைக்குள் இறங்கினோம். நாய்கள் திடீரென்று குரைத்தன. முதலில் கிழப் பெட்டை எழுந்தது. வலை இருக்கும் பக்கம் ஓடி, பத்தடிக்கு முன்னாலேயே நின்று மோப்பம் பிடித்துத் திரும்பிவிட்டது. குட்டிகள் அதன் பின்னால் போயின. ஒரு பெரிய ஆண் மட்டும் தனியாகப் பிரிந்தது. மணியக்காரர் தம்பியின் ஈட்டி அதன் தோளில் பாய்ந்தது. ஈட்டியோடு அது கிழக்கே, கோரைக்குள் ஓடியது.

எங்களுக்கு முன்னால் கோரைக்குள் ஒரு பெண்குரல் அலறியது.

ஓடினோம். ஆரோக்கியமேரி சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அரிவாள் ஒரு பக்கம், புல்லுக்கட்டு ஒரு பக்கம். பன்றி கிழித்த தொடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் சந்துகளில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மற்ற பெண்கள் தூரத்தில் கரையேறி நின்று கத்தினார்கள். அவள் அழவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"தப்பட்ட அடிக்கலியே" என்றாள். "நேத்து வேட்டைக்குத் தப்பட்ட அடிக்கலியே. அடிச்சிருந்தா நாங்க வந்திருக்கமாட்டமே."

வீட்டுக்கு வீடு சொன்னது எங்கள் ஊருக்குள் மட்டும்தான். கோவில்பதாகைக்குப் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தப்பட்டை மனிதர்களுக்காக அடிப்பது, அதைக் கேட்டுத்தான் புல்லறுக்கிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் ஏரியை விட்டு விலகுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் எத்தனையோ வருஷமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்ததால், அது எதற்காக என்பதை மறந்திருந்தார்கள்.

முனுசாமி வண்டியைக் கட்டினார். கன்னியம்மாள் தன் புடவையைக் கிழித்துக் கட்டுப் போட்டு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். குமணன்சாவடியில் ஒரு பாதிரியார் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் லாரிகளுக்காக வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. உயிருக்குப் பயமில்லை, நடப்பது சந்தேகம் என்றார்கள்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஊரில் பாதிப்பேர் வண்டியோடு வந்துவிட்டார்கள். மீதிப்பேர் கோவில்பதாகையில் அவள் வீட்டில் இருந்தார்கள். கொல்லையில் காலையிலிருந்து ஒருவரும் இல்லை.

வலையை மோந்துவிட்டுத் திரும்பிய கூட்டம் வேலிக்குள் போகமுடியாமல் கடலைக்குள் புகுந்திருந்தது. பகல் முழுக்க இருந்திருக்கவேண்டும். இந்தமுறை ஓரத்து வரிசைகளையும் விடவில்லை. மண் முழுவதும் உழுதது போல் கிடந்தது. முனுசாமி வண்டியிலிருந்து இறங்காமலே பார்த்தார். பிறகு மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. சின்னப்பன் வந்து பக்கத்தில் குந்தி, ஒரு பீடியைக் கொடுத்தார். "நீ இன்னா பண்ணுவ, ஊருக்குப் புதுசு. எனக்கில்ல புத்தி வந்திருக்கணும்? பங்கு கெடைச்சா சரின்னு பூட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அவளைப் பார்க்கக் கரிப்புகை பஸ்ஸில் போனேன். பெட்ரோல் இல்லாததால் பின்னால் அடுப்பை மாட்டிக் கரி எரித்து ஓட்டினார்கள். மேடு வந்ததும் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கண்டக்டர், "டிக்கெட்டு வாங்கினவங்கல்லாம் நல்லாத் தள்ளு, வாங்காதவன் ஒளிஞ்சிகினு கீறான்" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த இரண்டு பன்னும் தள்ளியதில் நசுங்கிவிட்டன.

ஆரோக்கியமேரி கட்டிலில் கிடந்தாள். முகம் பாதியாகியிருந்தது. "வா அண்ணாத்தே, குந்து. தப்பட்ட வேணான்னு எந்தக் கஸ்மாலம் சொன்னான், உனுக்காச்சும் தெரியுமா?"

"நான்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. "நீயா? நீ பேசினியா?" சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பன்னைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே முனுசாமி அசாமுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். ஆவடியில் மேஜை போட்டு ஆள் எடுத்தார்கள். கைநாட்டு வைக்கிறவனுக்கு எழுத்துத் தெரிந்த ஒருவர் சாட்சி போடவேண்டும். மணியக்காரர், உன் பொண்டாட்டி சாபம் எனக்கெதுக்கு என்று மறுத்துவிட்டார். கன்னியம்மாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, ஊர்ல எழுதத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்ல. நீ போடாத. அது ஒண்ணு போதும். இந்த மண்ண வச்சிகினு எப்பிடியாவது ஓட்டிக்கிறோம்." போடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மறுநாள் முனுசாமியோடு ஆவடிக்கு நடந்தேன். வரவேண்டாம் என்றார். இருந்தாலும் போனேன். தடுத்துவிடலாம் என்றுதான் போனேன். வரிசை நீளமாக இருந்தது. மேஜைக்கு வந்ததும் முனுசாமி கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். "சாட்சி?" என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமல். முனுசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "மச்சான், நீயே போட்டா எனக்கு நிம்மதி. வேற எவனோ போட்டு அனுப்பிச்சான்னு இருக்காது." பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இன்னாய்யா, சீக்கிரம்." எழுத்தர் பேனாவை என் பக்கம் நீட்டினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி, கோடு தாண்டாமல், என் பெயரை எழுதினேன்.

லாரி அங்கிருந்தே ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் தனியாகத் திரும்பினேன். கன்னியம்மாள் கொல்லையில் குந்தியிருந்தாள். பன்றிகள் விட்டுப்போன கடலை ஒன்றிரண்டு மண்ணுக்குள் இருக்கும், அதைக் கையால் தேடிப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"சாட்சி யாரு போட்டது?" என்றாள்.

நான் நின்றேன். அவள் என் விரலில் ஒட்டியிருந்த மையைப் பார்த்தாள். பிறகு குனிந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தாள்.